பாலத்தில் திக்கிய பஸ்

“இன்னும் திக்குதும்மா.”

பதினேழு கண்ணை இறுக மூடித் திறந்தாள். எட்டாவது நாள், எட்டாவது அழைப்பு, அதே மூன்று மணி, அதே பெரியவர்.

பதினேழு என்பது அவளுடைய நாற்காலி எண். புதிதாக வெளியாகும் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் மக்கர் செய்தால், வாங்கியவர்கள் போன் செய்து புலம்புவதற்கென்று ஓர் உதவி எண் உண்டு. அந்த எண்ணுக்குப் பின்னால் நாற்பது நாற்காலிகள், நாற்பது ஹெட்போன்கள், நாற்பது வாய்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ “ஏய் பதினேழு” என்று கூப்பிட்டார்கள். ஐந்து மாதமாக அதுவே நிலைத்துவிட்டது. போன வாரம் கூரியர்காரர் பெயர் கேட்டபோது அவளுக்கே ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.

“எந்த இடத்துல திக்குது சார்?”

“மூணாவது ஸ்டாப்புல ஆள் ஏத்திட்டுக் கிளம்புறேன்ல, அங்கதான். நல்லாப் போயிட்டே இருக்கும், டபக்குன்னு நிக்கும். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி போகும். முப்பத்துநாலு வருஷம் நெஜ பஸ்ஸையே குலுங்காம ஓட்டினவன்மா நான். பொம்மை பஸ் என்னை இந்தப் பாடு படுத்துது.”

போன மாதம் வெளியான பஸ் ஓட்டும் விளையாட்டு அது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பஸ் விளையாட்டு விளையாடுகிறார் என்பதே பதினேழுக்கு மனசைப் பிசைந்தது. வேறு எதுவும் இல்லாதவர்தானே அப்படி உட்கார்ந்திருப்பார்?

அவள் முன்னால் ஓர் அட்டை தொங்கியது. எந்தக் குறைக்கும் பன்னிரண்டு படிகள், வரிசையாகச் சொல்ல வேண்டும். முதல் படி, அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. பன்னிரண்டாவது படி, விளையாட்டை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுவது. நடுவில் தூசி தட்டுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது என்று கம்ப்யூட்டருக்கும் நோயாளிக்கும் பொதுவான வைத்தியங்கள்.

“சார், இன்னைக்கு எட்டாவது படி. பெட்டியைத் தொறந்து உள்ள இருக்கிற தூசியைத் துடைக்கணும்.”

“துடைச்சுடறேன். அதுக்கு முன்னாடி நீ சொல்லு, நேத்து நான் சொன்னதைச் செஞ்சியா? உட்கார்ந்து சாப்பிட்டியா, இல்ல நின்னுக்கிட்டேதான் முழுங்கினியா?”

பதினேழு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “மாடிப்படியில உட்கார்ந்து சாப்பிட்டேன் சார்.”

“தனியாவா?”

“ம்.”

“சரி, நின்னதுக்கு உட்கார்ந்தது தேவலை. நாளைக்குப் பேசுவோம்.”

இந்த வழக்கம் ஆரம்பித்ததே ஒரு விபத்தில்தான். முதல் நாள், முதல் படியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அட்டையில் உள்ளபடி “வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?” என்று கேட்டாள். “எனக்கு ஒண்ணும் வேணாம். குரல் கம்மியிருக்கே, நீ சாப்பிட்டியாம்மா?” என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டார். அட்டையில் அதற்குப் பதில் இல்லை. வேலை முடிந்து நாலு மாடி ஏறிப் போனால் அவளுக்கு ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர், எதிர்ச் சுவரைப் பார்க்கும் ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்து, திங்கட்கிழமை முதல் “வணக்கம்” சொல்லும்போது அவள் குரல் கதவுக் கீல் மாதிரி கிறீச்சிடும். அவளைப் போய் சாப்பிட்டியா என்று ஒருவர் கேட்டுவிட்டார். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

பேச்செல்லாம் பதிவாகும் இடம் அது. மேற்பார்வையாளர் எதையும் பச்சை மையில்தான் எழுதுவார். அதனால் ஆபீஸில் அவருக்குப் பச்சைப் பேனா என்றே பெயர். மறுநாள் அவளுடைய மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ‘பதினோரு விநாடி மௌனம். காரணம்?’

‘இருமல்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

அன்று மூன்று மணிக்குப் பெரியவர் மறுபடி கூப்பிட்டார். பதினேழாம் நாற்காலிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி, “சரியாகலம்மா, இன்னும் திக்குது” என்றார்.

தூசி துடைத்த மறுநாள் நிலைமை முற்றியிருந்தது.

“பழைய பனியனை வச்சு நல்லாத் துடைச்சேன்மா. இப்ப மழை பெய்யும்போதும் திக்குது.”

ஒன்பதாவது படி சொன்னாள். கதவு திறக்கும்போது திக்கியது. பத்தாவது படி சொன்னாள். குண்டாக ஒருவர் ஏறும்போது திக்கியது. பதினேழு எல்லாவற்றையும் சிரத்தையாகக் குறித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு வரி: ‘இணைப்பில் அவ்வப்போது ஷ்ஷ் என்று இரைச்சல்.’ மற்றபடி அவர் வீட்டில் ஒரு சத்தம் கேட்காது. சுவர்க் கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்கும். அவ்வளவு பெரிய அமைதியில் ஒரு மனிதர் எப்படித்தான் நாளை ஓட்டுகிறாரோ என்று அவளுக்குத் தோன்றும். தன் அறையும் அப்படித்தான் என்பது அப்போதைக்கு மறந்துபோகும்.

இதற்கிடையில் பெரியவர் சொன்ன வைத்தியங்களும் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தன. அவை மட்டும் என்ன வாழ்ந்தன?

ராத்திரி தூங்கவிடாமல் அறையில் குழாய் சொட்டுகிறது என்று வாய்தவறிச் சொன்னாள். “வாஷர் போயிருக்கும். திருகிக் கழட்டிப் புதுசு போடு, அஞ்சு நிமிஷ வேலை” என்றார். திருகினாள். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கி, கீழ்வீட்டு அம்மாள் ஈரத் தலையோடு மேலே வந்து கால் மணி நேரம் பொரிந்து தள்ளினார். ஐந்து மாதத்தில் அந்த அறைக்கு வந்த முதல் விருந்தாளி அவர்தான். பதினேழு அவரை உட்காரச் சொன்னாள். இருந்தது ஒரே நாற்காலி, அதுவும் நனைந்திருந்தது.

“பரவாயில்ல, ஒரு ஆள் வந்தாங்கல்ல?” என்றார் பெரியவர். “அடுத்தது, பக்கத்து நாற்காலிப் பொண்ணு ஒண்ணு இருக்குன்னியே?”

“பதினாறா சார்? அவங்ககிட்ட நான் பேசினதே இல்ல. ஒரு தடவை ஸ்டேப்ளர் கேட்டாங்க, குடுத்தேன்.”

“டீ குடிக்கப் போலாமான்னு கேளு. நீ கேட்டாத்தான் நான் பதினோராவது படி செய்வேன்.”

கேட்டாள். அதாவது, கையில் இரண்டு டீயோடு போய் நின்று, “டீ… டீ குடி… டீ…” என்றாள். பதினாறின் காதில் ஹெட்போன். எதேச்சையாகத் திரும்பினாள்; பின்னால் ஒருத்தி நிற்பதைக் கண்டு தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள்; இரண்டு டீயும் கீபோர்டில் கொட்டின. கீபோர்டு புகைந்தது. பச்சைப் பேனா வந்து பார்த்துவிட்டு, பதினாறைத் தற்காலிகமாக முப்பத்தெட்டாம் நாற்காலிக்கு மாற்றினார். அது ஹாலின் மறுகோடி. இப்போது பதினேழுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலியும் டீ வாசனையும் மட்டும் இருந்தன.

“முதல் தடவை அப்படித்தான் இருக்கும்” என்றார் பெரியவர். “கொஞ்ச நாள் போகட்டும், இன்னொரு தடவை கேளு.”

“இனிமே நான் கேட்க மாட்டேன் சார்.”

“சரி சரி. எனக்கும் இன்னைக்குப் பதினோராவது படி செஞ்சும் திக்குதும்மா.”

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பதினேழுக்கு வயிற்றில் ஒரு நிம்மதி இறங்கியது. உடனே அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. உதவி எண்ணில் உட்கார்ந்துகொண்டு, ஒருவருடைய குறை தீரவில்லை என்று சந்தோஷப்படுவதா? ஆனால் உண்மை அதுதான். திக்கல் நின்றுவிட்டால் மூன்று மணிக்கு யார் கூப்பிடுவார்கள்?

திக்கல் நிற்காவிட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து. பச்சைப் பேனா அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

“புரொபேஷன் இந்த மாசத்தோட முடியுது, தெரியுமா?”

“தெரியும் சார்.”

“முப்பது நாளுக்கு மேல தீராத புகார் ஒண்ணுகூட உன் பேர்ல இருக்கக் கூடாது. இருந்தா வேலை நிரந்தரமாகாது. அந்த பஸ் பெரியவர் புகாருக்கு இன்னையோட பதினாறு நாள். பன்னிரண்டு படியும் முடிஞ்சாச்சு. இனிமே மூணாவது மாடிதான்.”

மூன்றாவது மாடியில் இன்ஜினீயர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எந்நாளும் கட்டம்போட்ட சட்டையில் வருவார். பதினேழின் குறிப்புகளைப் படித்துவிட்டு அவர் மோவாயைத் தடவினார்.

“புது விளையாட்டு எல்லாமே முதல்ல கொஞ்சம் திக்கும். ஒரு பொருள் முதல் தடவை திரையில வரும்போது, மிஷின் அதை எப்படி வரையணும்னு அந்த நொடியிலதான் கத்துக்கும். கத்துக்கிற வரைக்கும் நிக்கும். ரெண்டாவது தடவை அதே பொருள் வந்தா நிக்காது. சும்மா விட்டாலே ஒரு நாள்ல சரியாகிடும். பதினாறு நாளா ஒருத்தருக்குத் திக்குதுன்னா அது சாதாரண விஷயம் இல்ல.”

பதினேழு தலையாட்டினாள். இந்த ஊருக்கு வந்து ஐந்தரை மாதமாகியும் ரொட்டிக் கடையில் “ஒரு பாக்கெட்” என்று சொல்வதற்குள் தனக்கு நாக்கு ஒட்டிக்கொள்வது நினைவுக்கு வந்தது. மிஷினுக்காவது ஒரு நாளில் சரியாகிவிடுகிறது.

“திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு” என்றார் கட்டம்போட்ட சட்டை.

நான்கு நாள் கழித்துத் தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே போட்டோ இல்லை. ‘திரையில் வெளிச்சம் அடிப்பதால் போட்டோ சரியாக விழவில்லை, வரைந்து அனுப்பியுள்ளேன்’ என்று ஒரு குறிப்பும், பென்சிலால் வரைந்த படமும் இருந்தன. ஸ்டியரிங், வைப்பர், மேட்டில் ஏறும் பாலம், பாலத்தின் நடுவில் ஒரு பெருக்கல் குறி. ‘இங்கேதான் ரொம்பத் திக்குகிறது. மழை நாளில் இரண்டாவது கியரில் ஏறவும்.’

மூன்றாவது மாடி கலகலத்துப் போயிற்று. காரணம், அந்த விளையாட்டில் பாலமே கிடையாது.

“பாலம் இல்லாத விளையாட்டுல அவருக்கு மட்டும் எப்படிப் பாலம் வருது?”

“வேற ஏதோ ஒண்ணு பாலம் மாதிரி தெரியுதோ?”

“ரெண்டாவது கியர்னு வேற சொல்றார். அதுவும் நம்ம பஸ்ல இல்லையே!”

மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குறையைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் பாலம் வேண்டும். பெரியவர் வரைந்த மாதிரியே ஒரு பாலம் கட்டி விளையாட்டில் சேர்த்து, ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

பாலம் புதிது. எனவே அதில் ஏறிய ஒவ்வொருவர் பஸ்ஸும் திக்கியது.

அன்று காலை பத்து மணிக்குள் நாற்பது நாற்காலிகளுக்கும் போன் வந்துகொண்டேயிருந்தது. “பாலத்துல திக்குது”, “பாலத்துல நின்னு போச்சு”, “யாருய்யா பாலம் கேட்டது?” அவசரத்தில் அதற்கொரு திருத்தம் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பஸ் திக்கவில்லை, ஆனால் ஏறிய பயணிகள் எல்லாரும் இறங்க மறுத்தார்கள். அதற்கும் ஒரு திருத்தம் போனது. பயணிகள் இறங்கினார்கள், பாலத்தின் நடுவில். நாற்பது நாற்காலிகளும் தலையைத் திருப்பிப் பதினேழைப் பார்த்தன. சேர்ந்த நாள் முதல் அவளை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு அவள் குரல் உடைந்திருந்தது.

“சார், உங்களுக்காகப் பாலமே கட்டிட்டாங்க. இப்ப எல்லாருக்கும் திக்குது. எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க.”



“பாலமா? நெஜமாவே கட்டிட்டாங்களா?” பெரியவரின் குரலில் முதல் முறையாக ஒரு தடுமாற்றம். “என்னம்மா இது… அது நான் ஓட்டின ரூட்டுல… சரி, அதை விடு. நீ அழறியா?”

“இல்ல சார். இருமல்.”

“இப்ப பக்கத்துல யார் இருக்கா?”

“யாருமில்ல சார். நீங்கதான்.”

ஷ்ஷ் என்று இரைச்சல் பலமாக வந்து அடங்கியது. “நாளைக்கும் கூப்பிடுவேன்மா” என்றார். “சரியாகிற வரைக்கும் விட மாட்டேன்.”

முப்பதாவது நாள் காலையில் பச்சைப் பேனா அவள் மேஜையருகில் வந்து நின்றார். “நேர்ல போயிடு. புது கம்ப்யூட்டர் ஒண்ணு குடுத்தனுப்பறோம். மாட்டி ஓட்டிக் காட்டி, இந்தப் படிவத்துல ‘குறை தீர்ந்தது’ன்னு கையெழுத்து வாங்கிட்டு வா. கையெழுத்தோட வந்தா நிரந்தரம். இல்லேன்னா இங்க திரும்பி வரவே வேண்டாம்.”

கட்டம்போட்ட சட்டையோடு வேனில் ஏறினாள். வழியில் நிறுத்தச் சொல்லி ஆரஞ்சுப் பழம் வாங்கினாள். ஒரே ஆளுக்கு எத்தனை வாங்குவது என்று கடைக்காரர் எதிரில் திண்டாடி, நாலு போதும் என்றாள். வேனில் உட்கார்ந்து அவர் வீட்டை மனதுக்குள் பார்த்தாள். இருட்டான கூடம், ஒரு கட்டில், ஒரு கடிகாரம், மூலையில் கம்ப்யூட்டர் வெளிச்சம். கையெழுத்து வாங்கிய பிறகும் வாரம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்க வேண்டும். பாவம், அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கேட்கும்போது திக்கக் கூடாது என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வீடு முதல் மாடியில் இருந்தது. கட்டம்போட்ட சட்டை கீழே பெட்டியை இறக்கிக்கொண்டிருக்க, அவள் முன்னால் ஏறினாள். வாசலில் எட்டு ஜோடிச் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. உள்ளே யாரோ பாட, யாரோ கத்த, யாரோ கத்தியவரை அதட்ட, ஒரு குழந்தை பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. வீட்டு எண்ணை மூன்று தடவை சரிபார்த்தாள். எண் சரிதான்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், இடுப்பில் ஒரு குழந்தையோடு கதவைத் திறந்தார்.

“பஸ் டிரைவர் சார்… வீடு இதானா?”

“இதான்மா. நான் அவர் வீட்டுக்காரி. கடைக்குப் போயிருக்காரு. மூணு மணிக்குள்ள வந்துடுவாரு. மூணு மணிக்கு அவருக்கு ஒரு முக்கியமான போன் இருக்கு.”

“இத்தனை பேரும் இந்த வீட்டிலயா இருக்கீங்க?”

“ரெண்டு மகன், ரெண்டு மருமக, மூணு பேரப் பசங்க, நாங்க ரெண்டு பேர். வாய் மட்டும் நூறு பேருக்கு இருக்கும்.”

அம்மாளின் தோளுக்கு மேலே கூடம் தெரிந்தது. மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர். அதைச் சுற்றி இரண்டு பிள்ளைகள். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு நீல பஸ் நாலாவது ஸ்டாப்பைக் கடந்து, புதிதாகக் கட்டிய பாலத்தில் ஏறி, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று.

“அந்த விளையாட்டு… இப்ப திக்கலையா?”

“அதுவா? வாங்கின அன்னைக்குக் கொஞ்சம் திக்குச்சு. சாயங்காலமே தானா சரியாப் போச்சு.”

பதினேழு கையிலிருந்த படிவத்தில் ‘குறை தீர்ந்தது’ என்ற வரியை ஒரு தடவை பார்த்தாள். 

“அப்போ… இந்த முப்பது நாளும்… அவர் எதுக்கு…”

 அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் 17 என்று இருந்ததைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, “எல்லாரும் ஓடி வாங்க, அந்தப் பொண்ணு வந்திருக்கு!” என்று குரல் கொடுத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“‘கம்ப்யூட்டர் சரியாயிடுச்சு, அந்தப் பொண்ணுக்குத்தான் இன்னும் சரியாகல, பாதியில விட முடியாது’ன்னு சொல்லித்தானேம்மா, தினமும் மூணு மணிக்கு எங்க எல்லார் வாயையும் மூட வச்சுட்டு உனக்குப் போன் போடுவாரு!”